உறையை ஒட்டுவதற்கு முன்

அன்புள்ள இளம் எழுத்தாளருக்கு,

ஓராண்டாக எழுதிச் சேர்த்த கவிதைகளும் நான்கைந்து சிறுகதைகளும் உங்கள் கைவசம் இருக்கின்றன. நண்பர்கள் படித்துவிட்டார்கள். முகநூலில் போட்டவற்றுக்கு நல்ல வார்த்தைகளும் வந்துவிட்டன. இனி அச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். நியாயமான ஆசை. “எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்?” என்பதுதான் எழுத வருகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. பதிலாக ஒரு முகவரிப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சிற்றிதழின் கதவு வாசகர் பக்கமாகத்தான் திறக்கும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1959 ஜனவரியில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ என்ற சிற்றிதழ் வந்தது. நடத்தியவர் வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா. பெரிய முதலாளி யாரும் பின்னால் இல்லை. விமர்சனத்துக்கென்று தொடங்கிய பத்திரிகை அது. போகப்போகப் புதுக்கவிதையின் வீடாகிவிட்டது. சிறுகதைக்காரராக அறியப்பட்டிருந்த சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் எழுதிய முதல் கவிதை அந்த ஆண்டே அதில்தான் வந்தது. திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். பின்னாளில் பிரமிள் என்று தமிழ் உலகம் அறிந்துகொண்ட அவருக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது. கடல் கடந்து வந்த தாளை அனுப்பியவர் எந்த ஊர்க்காரர், யார் சிபாரிசு என்றெல்லாம் செல்லப்பா பார்க்கவில்லை. வரிகளைப் பார்த்தார். 1962இல் அவர் தொகுத்த ‘புதுக்குரல்கள்’ நூலில் 24 பேர் எழுதிய 63 கவிதைகள் இடம்பெற்றன. தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை யார் எழுதினாலும் அந்தச் சிறிய புத்தகத்தைத் தொடாமல் எழுத முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘எழுத்து’வில் கவிதை எழுதியவர்கள் எல்லோரும் ‘எழுத்து’வைப் படித்தவர்கள். முந்தின இதழில் வந்த கட்டுரையோடு சண்டை போட்டார்கள், கடிதம் எழுதினார்கள், அடுத்த இதழுக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பேச்சின் நடுவே வந்து விழுந்த கவிதைகள் அவை. இன்றும் அப்படித்தான். ஒரு சிற்றிதழ் என்பது பத்துப் பதினைந்து பேர் விடாமல் நடத்திக்கொண்டிருக்கும் உரையாடல். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டவர் உள்ளே வந்து பேசும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். எதையும் கேட்காமல் நேரே உள்ளே வந்து தன் கவிதையை வாசிக்கிறவரை யாருக்கும் தெரிவதில்லை.

இதைக் கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு காட்சியைப் பாருங்கள். ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘பெறுநர்’ பகுதியில் பன்னிரண்டு பத்திரிகைகளின் முகவரிகள் வரிசையாக நிற்கின்றன. இணைப்பில் நாற்பது கவிதைகள், ஒரே பிடிஎஃப் கோப்பாக. கடிதத்தில் ஒரே வரி: “பிரசுரிக்கவும்.” அந்த நாற்பதில் மூன்று நல்ல கவிதைகள் இருக்கக்கூடும். அந்த மூன்றையும் தேடி எடுக்கும் வேலையை எழுதியவர் தான் செய்யாமல் முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கட்டிவிட்டார். தன் பத்திரிகையின் ஓர் இதழையாவது இவர் பார்த்திருப்பாரா என்ற சந்தேகம் அந்த ஆசிரியருக்கு வந்த பிறகு, நல்ல மூன்றும்கூடக் கண்ணில் படுவதில்லை.

அந்த ஆசிரியர் யார் என்று தெரிந்துகொள்வதும் நல்லது. பெரும்பாலும் அவர் வேறு வேலை பார்க்கிறவர். சேலத்திலிருந்து ‘நடை’யை நடத்திய சி. மணி ஆங்கில ஆசிரியர். எட்டே இதழ்கள்தான் வந்தன. ஆனால் ‘எழுத்து’வுக்குப் பிறகு கவிதை எந்தப் பக்கம் போனது என்று அறிய இன்றும் அந்த எட்டு இதழ்களைத் தேடுகிறார்கள். ‘மீட்சி’ நடத்திய பிரம்மராஜன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘ழ’வை 1978இல் தொடங்கிய ஆத்மாநாம் ஆறே ஆண்டுகளில், 33 வயதில் மறைந்துபோனார். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலில் இருந்துகொண்டு 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். இதழ்களைத் தானே சுமந்துபோய் விற்றார். போருக்கு நடுவிலும் விடவில்லை. கொழும்புக்குப் பெயர்ந்தும் நடத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது மல்லிகை. ஈழத்தில் எத்தனையோ பேரின் முதல் கதை அதில்தான் வந்தது.

கோவை ஞானியைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழாசிரியராக இருந்த அவர் நீரிழிவு நோயால் பார்வையை இழந்தார். அதன் பிறகும் ‘நிகழ்’ வந்தது, ‘தமிழ்நேயம்’ வந்தது. வந்த படைப்புகளை ஒருவர் உரக்க வாசிப்பார், அவர் கேட்பார். எழுதி அனுப்பியவரின் ஒவ்வொரு வாக்கியமும் இன்னொருவர் குரலில் அவர் காதுக்குப் போனது. உங்கள் கதையை அனுப்புவதற்கு முன் ஒரு நண்பரை உரக்க வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் வாசிப்பவரின் குரல் தடுக்குகிறது, எந்த இடத்தில் உங்களுக்கே அலுப்புத் தட்டுகிறது என்பது தெரிந்துவிடும். இதைவிட நல்ல திருத்தும் முறை இல்லை.

இனி, திருத்துதல் பற்றி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக எழுத வருகிறவர்களுக்குச் சிற்றிதழ் தரக்கூடிய பெரிய கொடை ஆசிரியரின் பேனாதான். இந்தக் கடிதத்துக்கென்றே எழுதிய உதாரணம் ஒன்று:

அடகுக்கடைத் தராசில்
பாட்டியின் தோடு.
வீட்டில்,
துளை தூர்ந்துவிடாதிருக்க
அவள் காதில் வேப்பங்குச்சி.
ஏழைகளின் வாழ்வில்
என்றுதான் விடியலோ!

நல்ல ஆசிரியர் இதைப் படித்தால் வேப்பங்குச்சியில் நின்றுவிடுவார். அடுத்த இரண்டு வரியை அடித்துவிடுவார். தோட்டை மீட்டு வரும் நம்பிக்கை பாட்டிக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் குச்சி. அந்த நம்பிக்கை முழுவதும் அந்தச் சிறு குச்சியில் இருக்கிறது. அதற்குக் கீழே “விடியலோ” என்று புலம்பினால் பாட்டியைத் தள்ளிவிட்டு எழுதியவர் முன்னால் வந்து நிற்கிறார். இன்னும் கூர்மையான ஆசிரியராக இருந்தால், “துளை தூர்ந்துவிடாதிருக்க” என்ற வரியும் வேண்டுமா என்று கேட்பார். கிராமத்தில் பிறந்த வாசகருக்கு அது தெரியும். நகரத்தில் வளர்ந்தவருக்குத் தெரியாது. யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வி அங்கே வந்துவிடுகிறது. இதற்கு ஒரே விடை கிடையாது. வைத்துக்கொள்ளலாம், எடுத்துவிடலாம், எதைச் செய்தாலும் தெரிந்து செய்ய வேண்டும்.

சிறுகதையில் வெட்டு பெரும்பாலும் தொடக்கத்தில் விழும். அலாரம் அடிக்கும், நாயகன் எழுவான், காபி குடிப்பான், பேருந்து பிடிப்பான், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பழசை நினைப்பான். மூன்றாம் பக்கத்தில் அப்பாவின் சடலத்தை வாங்க அரசு மருத்துவமனை வாசலில் அண்ணனும் தம்பியும் பேசாமல் நிற்பார்கள். கதை அங்கே தொடங்குகிறது. முதல் இரண்டு பக்கங்கள் எழுதியவர் சூடு பிடிப்பதற்காக ஓடிய ஓட்டம். அதை ஆசிரியர் சொல்லித்தான் நீக்க வேண்டும் என்பதில்லை. உறையை ஒட்டுவதற்கு முன் நீங்களே நீக்கிவிடலாம்.

ஆசிரியரின் பேனாவைப் போலவே அவர் கண்ணும் முக்கியம். ‘மணிக்கொடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் அரசியலும் இலக்கியமும் கலந்த வார இதழாகத் தொடங்கியது. 1935இல் பி.எஸ். ராமையாவின் கைக்கு வந்த பிறகு சிறுகதைக்கான இதழாயிற்று. புதுமைப்பித்தனும் கு.ப.ரா.வும் அதில் எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கும்பகோணத்துக்காரரான மணி என்பவரை எழுத வைத்து, ‘மௌனி’ என்ற பெயரையும் கொடுத்தவர் ராமையா என்பதைத்தான் இங்கே நினைவுபடுத்த வேண்டும். மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதியவை இரண்டு டஜன் கதைகள். அந்தக் கதைகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. ஒரு கதையைப் பார்த்து, “இவரிடம் இன்னும் இருக்கிறது” என்று கண்டுகொள்ளும் கண் ஓர் ஆசிரியருக்கு இருந்தால் இப்படியெல்லாம் நடக்கும். உங்களுக்கு வேண்டியது அப்படி ஒரு ஆசிரியர். ஆயிரக்கணக்கில் விற்கும் பத்திரிகையில் துணுக்குக்குப் பக்கத்தில் உங்கள் பெயர் வருவதைவிட, முந்நூறு பிரதி அச்சிடும் ஒருவர் உங்கள் மூன்றாவது வரியில் பேனாவை வைத்து “ஏன்?” என்று கேட்பது பெரிய விஷயம்.

திருநெல்வேலியில் 21-இ, சுடலைமாடன் கோயில் தெரு என்ற முகவரி இலக்கிய வாசகர்கள் பலருக்கு மனப்பாடம். விமர்சகர் தி.க.சி.யின் வீடு. ‘தாமரை’ இதழின் பொறுப்பில் அவர் இருந்த காலத்தில் பூமணி, பிரபஞ்சன், வண்ணநிலவன் என்று ஒரு தலைமுறையே அதில் எழுதியது. பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் அவர் ஓயவில்லை. எந்தச் சின்னப் பத்திரிகையில் எந்தப் புதுப்பெயர் கண்ணில் பட்டாலும் ஓர் அஞ்சலட்டை போட்டுவிடுவார். முன்பின் தெரியாத ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ, “உங்கள் கதை படித்தேன்” என்று தொடங்கும் அட்டை போகும். 2014இல் அவர் மறையும்வரை இது நடந்தது. எத்தனை பேர் அந்த அட்டைகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! பரிசுகளைவிட அவற்றைப் பெரிதாக நினைப்பவர்கள் உண்டு.

நடைமுறை விஷயங்களுக்கு வருவோம். கவிதை என்றால் நான்கு முதல் ஆறு வரை போதும். கதை என்றால் ஒன்று. யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் இன்னொருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். சிற்றிதழில் அந்த இன்னொருவர் ஆசிரியரேதான். வாட்ஸ்அப்பில் கவிதை அனுப்பாதீர்கள். அங்கிருந்து எடுத்து ஒட்டும்போது வரிகள் கலைகின்றன. உங்கள் ஏழு வரி அச்சில் ஐந்து வரியாக நிற்கும், பிறகு யாரை நோவது? ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றித் தடுமாற்றம் இருந்தால் தெரிந்த தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். “மெய்ப்புப் பார்ப்பவர் திருத்திக்கொள்வார்” என்று விட்டுவிடக் கூடாது. பெயர், ஊர், முழு முகவரி, தொலைபேசி எண் கோப்புக்குள்ளேயே இருக்கட்டும். கவிதைக்கு விளக்கம் எழுத வேண்டாம். பெற்ற சான்றிதழ்களின் பட்டியலும் வேண்டாம். அந்த இதழில் அண்மையில் படித்த ஏதாவது ஒன்றைப் பற்றி உண்மையாக இரண்டு வரி எழுத முடிந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வணக்கமும் நன்றியும் போதும்.

ஒரே படைப்பை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களுக்கும் அவமானம், உங்களுக்கோ இரண்டு கதவும் அடைபடும். பதில் வர மூன்று மாதம் ஆகலாம். காலாண்டிதழ் என்றால் இன்னும் கூடுதலாகவே ஆகும். அதற்குமேலும் தகவல் இல்லையென்றால், “வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்ளலாமா?” என்று மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். எதை, எப்போது, எங்கே அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முகநூலில் போட்டுவிட்ட கவிதையைப் புதியது என்று அனுப்பவும் கூடாது. பிரசுரமாகாத படைப்பு கேட்கும் ஆசிரியர்கள் பலர் அதையும் பிரசுரமானதாகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

பணம் பற்றியும் பேசிவிடுவோம். பெரும்பாலான சிற்றிதழ்கள் சன்மானம் தருவதில்லை, தர வழியும் இல்லை. உங்கள் படைப்பு வந்த பிரதி ஒன்று தபாலில் வரும். பல இதழ்களின் உள்ளட்டையில் “தனிச்சுற்றுக்கு மட்டும்” என்று இருக்கும். சந்தாவிலும் நண்பர்களின் நன்கொடையிலும் ஆசிரியரின் சம்பளத்திலும் ஓடுகிற இதழ்கள் அவை. அவர் உங்களுக்குப் பணம் தர முடியாமலிருக்கலாம். ஆனால் உங்களிடம் பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். இன்று இளைஞர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. “நூறு கவிஞர்களின் தொகுப்பு, கவிதைக்கு இவ்வளவு கட்டணம், சான்றிதழும் கேடயமும் உண்டு” என்று அழைப்பு வரும். உலக சாதனை என்றும் சொல்வார்கள். அந்தத் தொகுப்பை நூறு கவிஞர்களும் வாங்குவார்கள். வேறு யாரும் வாங்க மாட்டார்கள். அதில் ஒருவரும் உங்கள் வரியில் பேனா வைத்திருக்க மாட்டார். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வைத்து இதற்குக் கட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல இதழ்களின் ஆண்டுச் சந்தா கட்டலாம்.

இணைய இதழ்களைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ‘சொல்வனம்’ 2009 முதல் வருகிறது. மலேசியாவிலிருந்து ‘வல்லினம்’ வருகிறது. இன்னும் பல இருக்கின்றன. அச்சுச் செலவு இல்லை என்பதால் நீண்ட கதைக்கும் அங்கே இடம் கிடைக்கும். தாளா திரையா என்பது முக்கியமில்லை. அங்கே யாராவது தேர்ந்தெடுக்கிறார்களா, வந்ததையெல்லாம் ஏற்றிவிடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கதை திரும்பி வரும். அல்லது பதிலே வராது. அது இன்னும் வலிக்கும். வந்த வலியோடு அன்றே ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். கதையை ஒரு மாதம் பெட்டிக்குள் வைத்துவிட்டு எடுத்துப் படியுங்கள். இன்னும் நிற்கிறது என்று தோன்றினால் அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஓர் இதழுக்கு ஒவ்வாதது இன்னொன்றுக்குப் பொருந்தும். ‘தாமரை’க்கும் ‘கசடதபற’வுக்கும் ஒரே கதை பொருந்தியிருக்காது. இரண்டும் நல்ல இதழ்கள்தான். இரண்டின் நோக்கமும் வேறு. அந்த வேறுபாடு படித்தால்தான் தெரியும். அதனால்தான் முகவரிப் பட்டியல் உதவாது என்று தொடக்கத்தில் சொன்னது.

படிப்பதற்கு வழியில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. ஒரு தம்பதியர் தங்கள் வாழ்நாளைச் செலவிட்டுச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அங்கே உள்ளன. ஈழத்து இதழ்களை நூலகம் திட்டத்தினர் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். ‘மல்லிகை’யையும் ‘அலை’யையும் வீட்டிலிருந்தே புரட்டலாம். ஒரு பழைய இதழை எடுத்து உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். பாதிப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாதவையாக இருக்கும். ஒரே ஒரு கவிதை எழுதிவிட்டுப் போனவர்கள் அவர்கள். அவர்கள் கவிதைகளையும் படியுங்கள். சில மிக நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வாரம் எதையும் எங்கும் அனுப்பாதீர்கள். ஒரு சிற்றிதழை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படியுங்கள். அதில் உங்களைப் போலவே புதிதாக எழுதிய ஒருவரின் கவிதையோ கதையோ பிடித்திருந்தால், எது பிடித்தது என்று குறிப்பாக எழுதி, அந்த இதழின் முகவரிக்கே ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அவருக்கு அது போய்ச் சேரும்.

அன்புடன்,
உங்கள் கவிதையை அச்சில் படிக்கக் காத்திருக்கும் ஒரு வாசகர்